ஐந்து அரங்குகளும் ஒரு கொட்டாவியும்

பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிக்கூடப் பதிவேட்டோடு நின்றுவிட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து அவர் கொட்டாவிதான். கணக்கு வாத்தியார் பலகைக்கு அழைத்த ஒரு நாள், சாக்பீஸை அழுத்திப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கிப்போனார். கை மட்டும் தளர்ந்து இறங்க, வெள்ளைக் கோடு ஒன்று பலகையின் உச்சியிலிருந்து அடிச்சட்டம் வரை வந்து நின்றது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை.

"உடம்புக்கு முடியலையாடா?" என்றார்.

அந்தக் கேள்வியை இன்னொரு ஆள் கேட்பதற்குப் பதினைந்து வருஷம் பிடித்தது. இடையில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "ராத்திரி என்ன பண்ணிட்டிருந்த?" அவருடைய அம்மாவுக்குக் கேள்வியே கிடையாது, தீர்ப்புதான். "தூங்கினவன் கன்னு கடாக்கன்னுடா, நினைச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டே ஈரத் துண்டை முகத்தில் போடுவார்.

அவருடைய தூக்கம் மற்றவர்களுடையதைப் போல இல்லை. படியில் இறங்குவதுபோல அதற்குள் போகவேண்டியதில்லை. கண் மூடிய நொடியிலேயே கனவு தொடங்கிவிடும், அதுவும் இருந்த இடத்திலேயே. அதே அறை, அதே நாற்காலி, அதே வெயில். ஒரே ஒரு பொருள்தான் மாறியிருக்கும். கதவிருந்த இடத்தில் ஜன்னல் இருக்கும், அல்லது டம்ளருக்குள் தண்ணீருக்குப் பதில் வெளிச்சம் இருக்கும். அதைக் கவனிக்கத் தவறினால், கனவில் செய்த வேலையைச் செய்து முடித்ததாகவே நினைத்துக்கொண்டு எழுந்துவிடுவார். கனவில் பல் தேய்த்துவிட்டு, நிஜத்தில் தேய்க்காமல் கல்லூரிக்குப் போன நாட்கள் உண்டு.

ஆனால் காது மட்டும் பாம்புக் காது. ஒலிபெருக்கிகளை வாடகைக்கு விடும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தபோது, பத்து ஸ்பீக்கர்கள் ஒன்றாக முழங்கும்போதே எதன் கூம்பில் கீறல் என்று விரல் நீட்டிச் சொல்லுவார். முதலாளி அவரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார். ஒரு பட்டமளிப்பு விழா வரைக்கும்.

அன்று தலைமை விருந்தினர் பேச ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. ஒலி கலக்கும் மிக்சர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கொட்டாவியின் நெற்றி மெல்லச் சாய்ந்து, ஒலியைக் கூட்டும் குமிழ்களின் மேல் படிந்தது. குமிழ்கள் எல்லாம் ஒன்றாக மேலே நகர்ந்தன. அரங்கம் முழுக்க ஓர் ஊளை கிளம்பியது. பட்டம் வாங்க நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவர் மட்டும் எழவில்லை. அந்த ஊளை அவருடைய கனவுக்குள் ஒரு கப்பலின் சங்காக வந்துகொண்டிருந்தது, கப்பலும் நிதானமாகக் கரையை விட்டு விலகிக்கொண்டிருந்தது.

முதலாளி திட்டவில்லை, உடம்புக்கு முடியலையா என்றுதான் கேட்டார். மறுநாள் தானே ஸ்கூட்டரில் ஏற்றி ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். தலையில் ஒயர்களை ஒட்டி, இரண்டு நாள் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "இது சோம்பேறித்தனம் இல்லைங்க. நோய். மூளைக்குள்ள முழிப்பையும் தூக்கத்தையும் பிரிக்கிற கதவு ஒண்ணு இருக்கு. உங்களுக்கு அது சரியா சாத்த மாட்டேங்குது. மாத்திரை தரேன், கொஞ்சம் குறையும். முழுசா போகாது."

வேலை போயிற்று. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வெளியே வந்தபோது அழுதது அதற்காக அல்ல. இருபத்தாறு வயதில் முதல்முறையாகத் தன்மேல் தப்பில்லை என்று கேட்ட அழுகை அது.

மாத்திரை வாங்க மாதம் இரண்டு முறை பஸ்ஸில் போய்வருவார். இறங்கவேண்டிய நிறுத்தத்தில் அவர் இறங்கியதாகச் சரித்திரம் இல்லை. கடைசி நிறுத்தம் வரை போய், டிப்போ வாசலில் கண் விழிப்பார். அந்த வழித்தடத்தில் ஒரு பெண் கண்டக்டர் இருந்தார். முதல் தடவை தோளைத் தட்டி எழுப்பினார். இரண்டாம் தடவை, டிக்கெட்டில் ஓட்டை போடும் பஞ்சை அவர் காதருகே கொண்டுபோய் 'டக், டக்' என்று இரண்டு முறை அமுக்கினார். மூன்றாம் தடவை, அவருடைய நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தத்திலேயே வந்து நின்றார்.

"எழுந்திருங்க சார். உங்க ஊர் வந்துடுச்சு."

"நான் எங்க இறங்கணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தூக்கத்துல நீங்களே சொன்னீங்க. இன்னொண்ணும் சொன்னீங்க. அதை இங்க வச்சுச் சொல்ல முடியாது."

அது என்ன என்று இருவருக்கும் கல்யாணமான பிறகும் அந்த அம்மாள் சொல்லவில்லை. கொட்டாவியும் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனார்.

கல்யாணமாகி இரண்டு வருஷம், வீட்டில் உட்கார்ந்து பழுதான ரேடியோக்களைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் பழைய முதலாளி ஒரு வேலை சொல்லி அனுப்பினார். ஒரே கட்டடத்தில் ஐந்து அரங்குகள். பெரிய அரங்கு, பச்சை அரங்கு, நீல அரங்கு, கண்ணாடி அரங்கு, மாடி அரங்கு. பச்சை, நீலம் எல்லாம் நாற்காலித் துணியின் நிறத்தால் வந்த பெயர்கள். ஒவ்வோர் அரங்கிலும் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அடுக்கு. அதில் மிக்சர், ஒலியைப் பதப்படுத்தும் கருவிகள், ஆம்ப்ளிஃபையர்கள். இவற்றை ஒரே நேரத்தில் போடக்கூடாது. சின்னக் கருவிகள் முதலில் விழித்து நிதானப்பட வேண்டும், ஆம்ப்ளிஃபையர் கடைசியில்தான். முறை தப்பினால் ஸ்பீக்கரில் 'டம்' என்று ஓர் அடி விழும். கூம்பு கிழியும். அணைக்கும்போது இதையே தலைகீழாகச் செய்யவேண்டும்.

இந்த வரிசையைப் பார்த்துக்கொள்ளவே பவர் சீக்வென்சர் என்று ஒரு பெட்டி உண்டு. எட்டு மின் இணைப்புகள், எட்டு விளக்குகள். ஒரு பொத்தானை அமுக்கினால் மூன்று மூன்று விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக உயிர் கொடுக்கும். முன்பிருந்த ஆள் தினமும் அதிகாலையில் வந்து, ஐந்து அரங்குக்கும் ஏறி இறங்கி அமுக்கிக்கொண்டிருந்தார். முட்டி தேய்ந்து நின்றுவிட்டார்.

கொட்டாவி போய்ப் பார்த்தார். ஐந்து பெட்டிகளின் பின்புறத்திலும் நெட்வொர்க் ஒயர் செருகும் துளை தூசி படிந்து கிடந்தது. பத்து நாளில் ஐந்தையும் ஒயரால் இணைத்து, கட்டடத்தின் இணையத்தோடு சேர்த்து, வீட்டிலிருந்த பழைய டேப்லெட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒவ்வோர் அரங்கிலும் கூரையில் ஒரு சின்ன மைக்கும் தொங்கவிட்டார், ஸ்பீக்கரில் இரைச்சல் இருக்கிறதா என்று வீட்டிலிருந்தே கேட்பதற்கு.

கட்டடத்தை நிர்வகித்த மேனேஜர் அம்மாள் கண்டிப்பானவர். "கடிகாரத்துக்கிட்ட ஒப்படைச்சா அதுவே போட்டுக்காதா?" என்று கேட்டார்.

"போட்டுக்கும் மேடம். ஆனா நிகழ்ச்சி ரத்தானது கடிகாரத்துக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளினதும் தெரியாது. அஞ்சும் ஒண்ணா எழுந்தா கட்டடத்துக் கரண்டே தள்ளாடும். ஒரு ஆள் பாத்துப் போட்டாத்தான் சரி."

"அப்ப நீங்களே பாத்துக்கோங்க."

நோயைப் பற்றி அவர் சொல்லவில்லை. சொல்ல வாய் வந்தது. கேட்க அங்கே யாரும் இல்லை. மேனேஜர் அம்மாள் அதற்குள் அடுத்த வேலைக்குப் போயிருந்தார். இப்படித்தான் அவர் பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்த வேலை அவருக்காகவே செய்துவைத்தது போலிருந்தது. சமையலறை ஜன்னலோரம் மேஜை, மேஜையில் சாய்த்துவைத்த டேப்லெட். திரையில் ஐந்து வரிசைகள்; வரிசைக்கு எட்டுப் புள்ளிகள். விரலை வைத்தால் முதல் புள்ளி மஞ்சளாகத் துடித்து, பச்சையாகி நிற்கும். பிறகு அடுத்தது. எட்டாவது பச்சையானதும் கூரை மைக்கைத் திறந்து கண்ணை மூடிக் கேட்பார். காலி அரங்குகளின் மௌனம் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பெரிய அரங்கு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். நீல அரங்கில் எங்கோ ஒரு சொட்டு விழும், வெகுநேரம் கழித்து இன்னொரு சொட்டு. மாடி அரங்கின் கூரைமேல் புறாக்கள் நடக்கும். கண்ணாடி அரங்கில் வெயில் ஏறும்போது சட்டங்கள் மெல்ல நெட்டி முறிக்கும். பச்சை அரங்கில் மட்டும் ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டே அவர் எத்தனையோ காலைகளில் தூங்கியிருக்கிறார். கனவில் பச்சை நாற்காலிகள் நீளமான புல்லாக அசையும். அவர் அதற்குள் முழங்கால் வரை நடந்துகொண்டிருப்பார்.

தூங்கினால் என்ன? வேலை இருப்பது காலையில் இரண்டு நிமிஷம், சாயங்காலம் இரண்டு நிமிஷம். அப்படித்தான் எட்டு மாதம் ஓடியது.

பிறகு ஒரு மொழித் தேர்வு வந்தது. ஒலிப்பதிவைக் கேட்டுப் பதில் எழுதும் தேர்வு. ஐந்து அரங்குகளிலும் சரியாகப் பத்து மணிக்கு ஒரே ஒலிப்பதிவு ஓடவேண்டும். கொட்டாவி ஒன்பதரைக்கே உட்கார்ந்தார். பெரிய அரங்கு எட்டும் பச்சை. நீல அரங்கிலும் அப்படியே. கண்ணாடி, மாடி அரங்குகளிலும் அதேதான். கடைசியாகப் பச்சை அரங்கு. விரலை வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டும் ஏறியதைக் கண்ணாலேயே பார்த்தார். மைக்கைத் திறந்தார். வழக்கமான நிசப்தம். எங்கோ ஒரு குருவி மட்டும் கூடுதலாகக் கத்தியது.

போன் அடித்தது. மேனேஜர் அம்மாள். "பச்சை அரங்குல சத்தமே வரலையே! நூத்தியிருபது பேரு உக்காந்திருக்காங்க."

"போட்டுட்டேனே மேடம். எட்டும் எரியுது."

"நான் பெட்டி முன்னாடியே நிக்கறேன். ஒரு விளக்குகூட எரியல."

அவர் திரையைப் பார்த்தார். நான்கு வரிசைகள் பச்சை. ஐந்தாவது வரிசையில் எட்டுப் புள்ளிகளும் சாம்பல். நேரம் ஒன்பது ஐம்பத்தாறு. அடுத்து அவர் கேட்டதை மேனேஜர் அம்மாள் இன்றைக்கும் ஆட்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

"மேடம், நீங்க நிஜமாவே பேசறீங்களா?"

"என்னய்யா கேள்வி இது? பெட்டியைப் போடுங்க!"

விரலை வைத்தார். நிஜமா, கனவா என்று தெரியாமலே வைத்தார். இருபத்தோரு விநாடி, ஒவ்வொரு புள்ளிக்கும் அவர் உயிர் ஒரு தடவை போய் வந்தது. எட்டாவதும் பச்சையானது. போனுக்குள்ளிருந்து மேனேஜர் அம்மாளின் பெருமூச்சும், அதற்குப் பின்னால் நூற்றிருபது பேர் நாற்காலியில் அசையும் ஓசையும் வந்தன. தேர்வு சரியான நேரத்துக்குத் தொடங்கிவிட்டது.

மதியம் மேனேஜர் அம்மாள் மறுபடி கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "அந்தப் பெட்டி சரியில்ல. மாத்தச் சொல்லி எழுதப்போறேன். உங்க மேல ஒண்ணும் இல்ல."

ஒரு 'சரி' போதும். பழி பெட்டியோடு போய்விடும். அந்தப் பெட்டிக்கு வாயும் கிடையாது. கொட்டாவி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எதிர்வீட்டுக் கொடியில் ஒரு சட்டை காய்ந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து எத்தனை பேர் தன்மேல் இல்லாத தப்பைத் தூக்கிப்போட்டார்கள் என்று நினைத்தார். ஒரு இரும்புப் பெட்டியாக இருந்தாலும் அதையே தானும் செய்ய மனசு வரவில்லை.

"மேடம், பெட்டி மேல தப்பில்ல. நான் தூங்கிட்டேன். போட்டதா கனவு கண்டேன்."

மறுமுனையில் பேனாவுக்கு மூடி போடும் சத்தம் கேட்டது.

"நாளைக்கு நேர்ல வாங்க" என்று மட்டும் வந்தது.

மனைவியும் விடுப்புப் போட்டுக் கூடவே போனார். கொட்டாவி டாக்டர் எழுதிய காகிதங்களை மேஜையில் பரப்பி, சாக்பீஸ் கோட்டிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். மேனேஜர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"தூங்கினதுக்கு எனக்குக் கோபம் இல்ல. எட்டு மாசமா சொல்லாம இருந்தீங்களே, அதுக்குத்தான். சொல்லியிருந்தா நேத்து நான் ஒரு ஆளைப் பெட்டி பக்கத்துல நிறுத்தியிருப்பேன் இல்ல?"

"சொல்லியிருந்தா வேலை குடுத்திருப்பீங்களா மேடம்?"

மேனேஜர் அம்மாள் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர். "தெரியல" என்றார்.

பக்கத்திலிருந்த மனைவி தன் கைப்பையைத் திறந்து, பழைய டிக்கெட் பஞ்சையும் ஒரு கட்டுக் காலாவதியான டிக்கெட்டுகளையும் எடுத்து வைத்தார். அவருடைய பஸ்ஸில் இப்போது டிக்கெட்டை மெஷின்தான் அடிக்கிறது. பஞ்ச் வீட்டு அலமாரியில் சும்மா கிடந்தது.

"ஒரு அரங்கு போட்டதும் இவரு ஒரு டிக்கெட்டுல ஓட்டை போடட்டும்மா. காலையில எத்தனை அரங்குன்னு நீங்க எனக்கு ஒரு செய்தி அனுப்பிடுங்க. நான் கடைசி ஸ்டாப்ல நிக்கும்போது போன் பண்ணி எண்ணச் சொல்லுவேன்."

கொட்டாவி தலையைச் சொறிந்தார். "ஓட்டை போட்ட மாதிரியும் கனவு காண்பேனே?"

"தாராளமா காணுங்க. எண்ணும்போது நான் முழிச்சிட்டிருப்பேன் இல்ல? எனக்கு என்ன, பஸ்ஸுல ஐம்பது பேரை எண்ணுறேன். வீட்டுல ஒரு ஆளை எண்ண மாட்டேனா?"

மேனேஜர் அம்மாள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார். ஒரு மாதம் பார்ப்போம் என்றார். அந்த ஒரு மாதம் நான்கு வருஷமாக நீண்டது.

காலையில் கடைசி நிறுத்தத்திலிருந்து போன் வரும். பின்னணியில் இன்ஜின் உறுமும்.

"எத்தனை?"

"நாலு."

"அவங்க அஞ்சுன்னு அனுப்பியிருக்காங்க. நல்லா தடவிப் பாருங்க."

"நாலுதான். கண்ணாடி அரங்கு... அதைப் போட்டேனே. அங்க மீனெல்லாம் நீந்திட்டிருந்துச்சே."

"கண்ணாடி அரங்குல ஏதுங்க மீனு?"

"ஆமால்ல" என்பார் கொட்டாவி, விரலை வைத்துக்கொண்டே.

ஐந்தாம் வருஷம் பச்சை அரங்கின் பெட்டி நிஜமாகவே பழுதானது. ஏழாவது இணைப்பு எரிந்துபோயிற்று. புதிது மாட்ட அவர் நேரில் போகவேண்டியிருந்தது. அன்று மனைவிக்கு வார விடுப்பு. வீட்டு மேஜைக்கு முன்னால் அவரை உட்காரவைத்து, எந்த வரிசை, எங்கே விரல் என்று காட்டிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

பத்து நாள் ஒயர் இழுத்த காலத்துக்குப் பிறகு கொட்டாவி பச்சை அரங்குக்குள் கால் வைத்தது அன்றுதான். அப்போதும் அடுக்கின் பின்புறத்தையும் கூரையையும்தான் பார்த்திருந்தார். பெட்டியை மாட்டி முடித்துவிட்டு, நடு வரிசைக்குப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். துணி அவர் நினைத்ததைவிட வெளிறியிருந்தது. கைப்பிடியில் யாரோ பேனாவால் ஒரு சின்ன மீசை வரைந்திருந்தார்கள். உயரத்தில் ஒரே ஒரு விளக்கு. போனைக் காதில் வைத்தார்.

"ம், இப்போ போடு."

வீட்டில் மனைவி விரலை வைத்தார். அரங்கின் ஓரத்தில், இருட்டுக்குள், 'க்ளிக்' என்றது. மூன்று விநாடி. இன்னொரு 'க்ளிக்'. ஏதோ ஒரு விசிறி மெல்லச் சுழல ஆரம்பித்தது. ஐந்தாவதில் மேடை மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு. ஆறு, ஏழு. எட்டாவதில் ஆம்ப்ளிஃபையர்கள் எழுந்தன. சத்தம் என்று சொல்லமுடியாது. அரங்கின் காற்று முழுவதும் அரை அங்குலம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது போலிருந்தது. இத்தனை வருஷமாக ஒன்றுமில்லை என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். சின்ன மைக்கால் இதை வீடு வரை தூக்கிவர முடிந்ததில்லை.

"எல்லாம் பச்சை ஆயிடுச்சு. சரியா வந்துச்சா?" என்று மனைவி கேட்டார்.

"வந்துச்சு. நீயும் இங்க இருந்திருக்கணும்" என்றார். பிறகு பேச்சு இல்லை.

மனைவி இரண்டு முறை 'ஹலோ' சொன்னார். மூன்றாம் முறை கூப்பிட வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். சீரான மூச்சு வந்துகொண்டிருந்தது. போனைத் துண்டிக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டுத் துவைத்த துணிகளை மடிக்க உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் போனில் சலசலப்புக் கேட்டது. அரங்கைப் பெருக்க வந்த அம்மாள் எழுப்பியிருந்தார்.

"ஏய், இன்னும் எல்லாம் எரியுது! ஏன் அணைக்கல?" என்றார் கொட்டாவி பதறிப்போய்.

"எப்படி அணைக்கறதுன்னு நீங்க சொல்லிக்குடுக்கவே இல்லையே. பாதியில கையை வச்சு உங்க ஸ்பீக்கர் கிழிஞ்சா யாரு பதில் சொல்றது?"

அதுவும் நியாயம்தான். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெருக்க வந்த அம்மாள் துடைப்பத்தோடு முன் வரிசையில் காத்திருந்தார்.

"சரி, அதே வரிசைதான். வலது ஓரத்துல ஒரு கறுப்புப் பொத்தான் இருக்கும் பாரு. அதை ஒரே ஒரு தடவை தொடு. தொட்டுட்டுச் சும்மா பாத்துட்டிரு."

எட்டாவது முதலில் அணைந்தது. காற்று பின்னால் சாய்ந்தது. பிறகு ஏழு, ஆறு. மேடை மூலையிலிருந்த சிவப்புப் பொட்டு மறைந்தது. விசிறி நின்றது. பெருக்குகிற அம்மாள் ஓரத்து வரிசையிலிருந்து தன் வேலையைத் தொடங்கினார்.